செம்பு மூக்கு ராஜா

இன்னைக்கு ஒரு மூக்கைப் பத்திப் பேசப்போறோம். இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியோட மூக்கு. ஆறு கல்யாணம் பண்ணாரே, அவரேதான்.

அவர் காலத்துல டெஸ்டூன்னு ஒரு வெள்ளிக் காசு இருந்துச்சு. மதிப்பு 12 பென்ஸ். பின்னாடி அதுக்கே ஷில்லிங்னு பேர் வந்துச்சு. அதுல ராஜா முகம் நேரா நம்மளைப் பார்க்கும். காசு கை மாற மாற, மேடான இடம்தானே முதல்ல தேயும்? முகத்துல மேடு மூக்கு. அங்கே மேல இருந்த வெள்ளி தேய்ஞ்சு, உள்ளே இருந்த செம்பு சிவப்பா எட்டிப் பார்த்துச்சு. ஜனங்க ராஜாவுக்கே 'கிழட்டுச் செம்புமூக்கன்'னு பட்டப்பேர் வச்சுட்டாங்க.

இங்கிலாந்து காசுன்னா 92.5 சதவீதம் வெள்ளி. அதுதான் ஸ்டெர்லிங். பல நூறு வருஷமா காப்பாத்தின தரம். 1124 கிறிஸ்துமஸுக்கு முதலாம் ஹென்றி, காசு அடிக்கிறவங்களை வின்செஸ்டருக்கு வரவழைச்சார். மட்டமான காசு அடிச்சாங்கன்னு குற்றச்சாட்டு. தண்டனையா வலது கையை வெட்டினாங்க, விரையையும் எடுத்தாங்க. அவ்வளவு சீரியஸ்.

நாலு நூற்றாண்டு கழிச்சு ராஜாவே அதே வேலையைப் பண்றார். பிரான்ஸோடயும் ஸ்காட்லாந்தோடயும் சண்டை, கஜானா காலி. 1544-ல வெள்ளி 75 சதவீதம். 1545-ல 50. 1546-ல மூணுல ஒரு பங்கு. அவர் மகன் ஆறாம் எட்வர்டு காலத்துல, 1551-ல, வெறும் 25. கணக்கு சிம்பிள்: காசோட எடை மாறலைன்னா, முன்னே 100 காசு அடிச்ச வெள்ளியில இப்போ 370 காசு அடிக்கலாம். அந்த எக்ஸ்ட்ரா லாபம் ராஜாவுக்கு.

யாரும் செக் பண்ணலையான்னு கேப்பீங்க. டெஸ்டிங் டீம் இருந்துச்சுங்க! 1282-லேயே 'பிக்ஸ் சோதனை' பத்திக் குறிப்பு இருக்கு. அடிக்கிற காசுல சாம்பிள் எடுத்து ஒரு பெட்டியில போட்டு வைப்பாங்க, அப்புறம் சோதிச்சுப் பார்ப்பாங்க. பிரிட்டன்ல இன்னைக்கும் வருஷா வருஷம் நடக்குது. எனக்கு ரொம்பப் பிடிச்ச சிஸ்டம் இது. ஆனா அது பார்க்கிறது, காசு ராஜா உத்தரவுப்படி இருக்கான்னுதான். உத்தரவே மூணுல ஒரு பங்குன்னா? டெஸ்ட் பாஸ். ஸ்பெக்கையே மாத்திட்டா பக் எங்கே மாட்டும்?

கடைத்தெரு மாட்டவச்சிருச்சு. விலைவாசி ஏறுச்சு. பழைய நல்ல காசைப் பதுக்கிட்டு, மட்டமானதை மட்டும் புழக்கத்துல விட்டாங்க. இதுக்குத்தான் பின்னாடி கிரஷாம் விதின்னு பேர் வந்துச்சு. கோப்பர்நிக்கஸ் இதை முன்னாடியே எழுதிட்டார்ங்கிறது வேற கதை.

1551-லயே அரசாங்கம் ஷில்லிங் மதிப்பை 12-லிருந்து 9 ஆக்கி, கொஞ்ச நாள்ல 6 ஆக்கிடுச்சு. 1560-ல எலிசபெத் ராணி ஸ்டெர்லிங் தரத்துலயே புதுக் காசு அடிக்க ஏற்பாடு பண்ணாங்க. எல்லாரும் அவங்களைப் பாராட்டுவாங்க, சரிதான். ஆனா கையில பழசு வச்சிருந்தவங்க நிலைமையைப் பாருங்க. எட்வர்டோட மட்டமான ஷில்லிங்ல ரெண்டு விதமா முத்திரை குத்தினாங்க. கோட்டை வாசல் இரும்புக் கதவு இருந்தா நாலரை பென்ஸ். வேட்டைநாய் இருந்தா ரெண்டே கால். 12-ன்னு சொல்லிக் கொடுத்த காசு! கூலி வாங்கி முடிஞ்சு வச்சிருந்தவர் தலையில அந்த நஷ்டம் விழுந்துச்சு. செம்புமூக்கர் செத்து அப்போ 13 வருஷம் ஆச்சு.