முள்ளுக்காடும் கிணற்று உப்பும்



திண்டுக்கல்லுக்கு வந்து இயற்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேற்கே கையை நீட்டிக் கொடைக்கானலைக் காட்டுவார்கள். கொஞ்சம் உள்ளூர்ப் பற்று உள்ளவர்கள் கிழக்கே திரும்பிச் சிறுமலையைக் காட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவே கிடக்கிற இந்தச் சமவெளியை யாரும் காட்டுவதில்லை. வெயிலும் முள்ளும் நூல் மில்லும் பிரியாணிக் கடையும் உள்ள இடத்தில் இயற்கைக்கு என்ன வேலை என்ற நினைப்பு. இன்று நான் மலை ஏறப் போவதில்லை. கீழேயே நின்று பேசுகிறேன்.

சூழல் மண்டலம் என்ற பாடத்தை இன்று பட்டம் பெறும் நீங்கள் எல்லோரும் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று அம்புக்குறி போட்டு வரைந்து ஐந்து மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். அந்தப் படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. அதில் மண் இல்லை, தண்ணீர் இல்லை, மனிதன் இல்லை. 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் இந்தக் கருத்தை முன்வைத்தபோது வலியுறுத்தியதே, உயிருள்ளவற்றை மட்டும் தனியே பிரித்துப் பார்க்காதீர்கள், மண்ணும் நீரும் காற்றும் சேர்ந்ததுதான் முழு அமைப்பு என்பதைத்தான். ஆகவே பாடப்புத்தகப் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, திண்டுக்கல்லை வைத்து ஒரு படம் வரைந்து பார்ப்போம்.

ஆவாரஞ்செடியில் தொடங்கலாம். பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது மட்டும் நமக்கு நினைவுக்கு வருகிற முள்ளுக்காட்டுச் செடி. இதன் பட்டையில் துவர்ப்புச் சத்து நிறைய இருக்கிறது. அந்தப் பட்டையையும் கடுக்காயையும் வைத்துத்தான் தமிழ்நாட்டில் நெடுங்காலம் தோல் பதனிட்டார்கள். திண்டுக்கல்லின் தோல் ஷாப்புகளும் அப்படி வளர்ந்தவைதான். அங்கே சுண்ணாம்புக் குழிகளில் இறங்கி வேலை செய்தவர்களின் வாழ்க்கையை, இந்த ஊரில் வழக்கறிஞராக இருந்த டி. செல்வராஜ் ‘தோல்’ என்று நாவலாக எழுதினார். 2012-இல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. படிக்காதவர்கள் படித்துவிடுங்கள். உங்கள் ஊரைப் பற்றி அப்படி ஒரு புத்தகம் இருப்பது சின்ன விஷயமல்ல.

1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசு ஒரு கொள்கையை எடுத்தது. பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்து குறைந்த காசு வாங்குவானேன், முழுமையாக்கிய தோலாக அனுப்பினால் கூடுதல் அந்நியச் செலாவணி வருமே என்று சீதாராமையா குழு பரிந்துரைத்ததை ஒட்டி வந்த கொள்கை. பொருளாதாரக் கணக்கில் பிழை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு பட்டையின் இடத்தை மேலும் மேலும் குரோமியம் பிடித்தது. பட்டைக்கு வாரக்கணக்கில் ஆகிற வேலை குரோமியத்துக்குச் சில நாளில் முடியும். கூடவே அமிலம், சாயம், மேலும் உப்பு. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்று பின்னாளில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவானது. அவ்வளவு தண்ணீரும் எங்கே போகும்? வாய்க்காலுக்கு, குளத்துக்கு, குடகனாற்றுக்கு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கழிவு என்றால் நாற்றம் என்று நினைக்கிறோம். நாற்றம் பெரிய ஆபத்தல்ல. தோலிலிருந்து வரும் சதையும் முடியும் கொழுப்பும் நாறும். ஆனால் அவற்றைத் தின்னப் பாக்டீரியா இருக்கிறது. உங்கள் படத்தில் ‘சிதைப்பவை’ என்று கடைசியில் ஒரு கட்டம் வரைந்தீர்களே, அந்தக் கட்டத்தின் வேலை அதுதான். உப்புக்கு அப்படி யாரும் கிடையாது. அதைத் தின்று தீர்க்கும் உயிர் உலகத்திலேயே இல்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாமே தவிர, உப்பைத் திரும்ப எடுக்க முடியாது. அந்தத் தண்ணீரும் நம்மிடம் இல்லை. இது மழை மறைவுப் பகுதி. அடியில் கடும்பாறை. பாறை வெடிப்புகளில் தேங்குவதுதான் நம் கிணற்று நீர். அங்கே போய்ச் சேர்ந்த உப்பு லேசில் வெளியேறாது.

1991-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தோல் கழிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு வேலூர் பெயரில் இருந்தாலும் அதில் நம் மாவட்டமும் உண்டு. அப்போது ‘திண்டுக்கல் அண்ணா’ என்று பெயர். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது: குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும். கேடு வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் தடுக்க வேண்டும். கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. இந்த மூன்றும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்று நாட்டின் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் வழக்கறிஞர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்குள் நம் ஊர்க் கிணறுகள் இருக்கின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

தோல் தொழிலை வில்லனாக்கிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. பல தலைமுறைக்குச் சோறு போட்ட தொழில் அது. தீர்ப்புக்குப் பின் சுத்திகரிப்பு நிலையம் கட்டாயமாயிற்று. ஆனால் பாக்டீரியாவை வைத்து நடக்கும் சுத்திகரிப்பு, மேலே சொன்ன காரணத்தால், உப்பை ஒன்றும் செய்யாது. அதற்குச் சவ்வு வடிகட்டி வேண்டும், பிறகு நீரைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். அப்போதும் கடைசியில் ஒரு மூட்டை கலப்பு உப்பு மிஞ்சும். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? வேதியியலும் வேதிப்பொறியியலும் படித்தவர்கள் இங்கே இருந்தால், விடை முழுதாகக் கிடைக்காத கேள்வி ஒன்று உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

ஆவாரஞ்செடி முளைத்த முள்ளுக்காட்டுக்குத் திரும்புவோம். திருச்சி சாலையில் வடமதுரை தாண்டினால் அய்யலூர். அந்தப் பக்கத்துக் கரடுகளில் தேவாங்கு வாழ்கிறது. ஒல்லியான பையனைக் கேலி செய்ய அந்தப் பெயரைப் பயன்படுத்தியவர்கள் இந்த அரங்கத்திலேயே பலர் இருப்பீர்கள். அந்தப் பிராணியை நேரில் பார்த்தவர்கள் கையைத் தூக்கினால் எண்ணிவிடலாம். கால் கிலோ எடை, பெரிய கண்கள், இரவில்தான் நடமாட்டம். எறும்பு, கரையான், வண்டு என்று தின்கிறது. பயிரைக் கெடுக்கும் பூச்சிகளும் அதில் அடங்கும். 2022 அக்டோபரில் தமிழக அரசு இதற்கென்றே கடவூர் தேவாங்குச் சரணாலயத்தை அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. கரூர் மாவட்டத்தின் கடவூரும், நம் பக்கத்தில் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களும் சேர்ந்து 11,806 ஹெக்டேர்.

கால் கிலோ பிராணிக்கு இத்தனை இடமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதற்குப் பதில் சொன்னவர் ரேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்க இளைஞர். மினசோட்டாவில் ஒரு சின்ன ஏரியில் எந்த உயிர் எதைத் தின்று எவ்வளவு ஆற்றல் பெறுகிறது என்று கணக்கிட்டவர். இதழுக்கு அனுப்பிய கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பினார்கள். 1942-இல் அது அச்சேறும் முன்பே 26 வயதில் இறந்துபோனார். அவர் காட்டிய வழியில் வந்த தோராய விதி இது: ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஆற்றலில் ஏறத்தாழ 10 விழுக்காடுதான் ஏறும். மீதி வெப்பமாகவும் கழிவாகவும் போய்விடும். செடியைப் பூச்சி தின்று, பூச்சியைத் தேவாங்கு தின்றால், செடியில் சேர்ந்த ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குதான் தேவாங்குக்கு. அந்த ஒரு பங்கு கிடைக்க மீதித் தொண்ணூற்றொன்பதுக்கும் முள்ளுக்காடு வேண்டும்.

இன்னொன்று. தேவாங்கு தாவாது. ஒரு கிளையை விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்த கிளையை எட்டிப் பிடிக்கும். கிளையோடு கிளை தொட்டால்தான் அதற்கு வழி. குரங்கு தாண்டிவிடும் இடைவெளி இதற்கு முடிவு. மா, புளியந்தோப்புகளும் தோட்டத்து வேலி மரங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் சரணாலயத்துக்கு வெளியே அதற்கு உயிர். ‘சும்மா கிடக்கிற முள்’ என்று ஒரு வேலியை ஜேசிபி வைத்துத் தள்ளும்போது நாம் ஒரு சாலையை அறுக்கிறோம். வருவாய்ப் பதிவேட்டில் அந்த இடத்துக்குப் பெயர் தரிசு. அந்த ஒரு சொல்லால் அழிந்த நிலம், கோடரியால் அழிந்ததைவிட அதிகம் என்பது என் கணிப்பு. உங்களில் சிலர் நாளை வருவாய்த் துறையிலும் நெடுஞ்சாலைத் துறையிலும் வங்கிகளிலும் உட்காருவீர்கள். அந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை இடத்தைப் போய்ப் பாருங்கள், முடிந்தால் இரவில். டார்ச் வெளிச்சத்தில் தேவாங்கின் கண் சிவப்பாக மின்னும்.

ஒரு வேலை தந்துவிட்டுப் போகிறேன். 467 கிணறுகளின் கணக்கு நீதிமன்றத்தில் எடுபட்டதற்குக் காரணம், யாரோ ஊர் ஊராக நடந்து எண்ணி எழுதி வைத்திருந்ததுதான். நீரில் கரைந்த உப்பை அளக்கும் சின்னக் கருவி இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஐப்பசி மழைக்கு முன்பு ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை உங்கள் ஊர்க் கிணறுகளை அளந்து தேதியோடு எழுதுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடும். அந்த எண்களை அங்கே எழுந்து வாசித்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்ற மறுத்தால், மறுத்தார்கள் என்பதை ஏற்றச் சொல்லுங்கள். வரும்போது ஒரு நகலும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.