ஏறி இறங்கும் வளையி

ஒன்று மிகுந்தால் அதனைச் சார்ந்த மற்றொன்றும் மிகும் என்பது மக்கள் மனத்தில் ஆழ வேரூன்றிய எண்ணம். நீர் மிகுதியாகப் பாய்ந்தால் பயிர் செழிக்கும். எரு மிகுதியாக இட்டால் விளைவு பெருகும். விளைவு பெருகினால் வருவாய் உயரும். இவ்வெண்ணம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. அதனாலேயே மக்கள் அதன்மேல் அளவிறந்த நம்பிக்கை வைத்து விடுகின்றனர். ஆனால், இயற்கையிலும் வாணிகத்திலும் பல தொடர்புகள் ஓர் எல்லைவரை ஏறிச் சென்று, அதன்பின் இறங்கத் தொடங்குகின்றன. இத்தகைய தொடர்பை வரைபாக வரைந்தால், அது குன்றுபோல் ஏறி இறங்கும். சில வேளைகளிற் பள்ளம்போல் இறங்கி ஏறும். போக்கு மாறும் அவ்விடத்தைக் கணித நூலார் திரும்பற்புள்ளி என்பர்.

பௌதிகவியலில் இதற்கு யாவரும் அறிந்த சான்று தண்ணீரே. சூடேற்றினாற் பொருள்கள் விரியும் என்பது பொதுவிதி. உருகிய பனிக்கட்டியின் நீரைப் பூச்சியப் பாகையிலிருந்து சூடேற்றினால், அது முதலில் விரிவதில்லை, சுருங்குகின்றது. ஏறத்தாழ 4 பாகை செல்சியசை அடைந்த பின்னரே விரியத் தொடங்குகின்றது. குளிர்நாட்டு ஏரிகள் மேற்பரப்பில் உறைந்து கிடக்க, அடியில் மீன்கள் உயிரோடு உலவுவது இதனாலேயாகும். 4 பாகை நீர் கனமானதாய் அடியிலே தங்க, அதனினும் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகின்றது.

கொல்லன் உலையிலும் இவ்வுண்மை விளங்கும். தூய இரும்பு மென்மையானது. அதிற் சிறிதளவு காபன் சேர்ந்தால் அது உறுதிமிக்க உருக்காகின்றது. ஒரு நூற்றுவீதத்துக்கும் குறைந்த காபனே கத்திக்கும் மண்வெட்டிக்கும் போதுமானது. இன்னுஞ் சேர்த்தால் இன்னும் உறுதியாகும் என்று கருதி இரண்டு நூற்றுவீதத்துக்கு மேற் சேர்த்தாற் கிடைப்பது வார்ப்பிரும்பு. அது பாரத்தைத் தாங்கும்; ஆனால் ஓங்கி அடித்தால் உடையும். உறுதி தந்த பொருளே அளவு கடந்தபோது முறிவுக்குக் காரணமாயிற்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு இந்த உண்மை ஏட்டளவில் நிற்பதன்று. அது அவர்களுடைய கிணற்றிலேயே இருக்கின்றது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையே நீருக்கு மூலம். அம்மழைநீர் செம்மண்ணூடாக இறங்கி, சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. அந்த நன்னீருக்குக் கீழே கடலோடு தொடர்புடைய உவர்நீர் நிற்கின்றது. நன்னீர் எடை குறைந்ததாதலின் உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கின்றது.

இந்த வில்லைக்கு ஒரு கணக்குண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தராகிய கைபனும், 1901இல் செருமானியராகிய எர்சுபேர்க்கும் அதனை எடுத்துரைத்தனர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மகிழ்ச்சி தரும் கணக்கே! ஆனால் அதனை மறுபுறமாகவும் படித்தல் வேண்டும். மேலே ஓரடி குறைந்து அந்நிலை நீடித்தால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழக் கூடும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும், ஆழஞ் செல்லச் செல்ல நீர் உவராகவும் இருப்பது இவ்வமைப்பைக் கண்கூடாகக் காட்டுகின்றது.

துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் இறைப்புக்கு இயல்பான ஓர் எல்லை இருந்தது. ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் வாய்க்காலில் நின்று தண்ணீர் கட்டுவார். மனிதர் களைத்தால் இறைப்பு நின்றது; அந்நேரத்தில் ஊற்று மீண்டும் ஊறியது. 1950களிலும் 1960களிலும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. இயந்திரம் களைப்பதில்லை. இறைப்பு மிகுந்தது; தோட்டம் விரிந்தது; வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செழித்தன. வளையியின் ஏறுமுகம் அது. அதே இறைப்பு ஊற்றின் ஆற்றலை மீறிய இடங்களில், குறிப்பாகக் கரையோரங்களில், கிணறு உவர்த்தது. உவர்நீர் பாய்ச்சப் பாய்ச்சப் பயிர் வாடிற்று. முன்பு செழிப்பைக் கொடுத்த செயலே பின்பு செழிப்பைக் கெடுத்தது.

எருவின் கதையும் இதுவே. யூரியாவிலுள்ள நைதரசன் இலைக்குப் பசுமையும் பயிருக்கு வளர்ச்சியுந் தரும். அளவு கடந்தால் வெங்காயம் தாள் பருத்து, குமிழ் முற்றாமல், சேமிப்பில் விரைந்து அழுகும். பயிர் உண்ணாத நைதரசன் நைத்திரேற்றாகி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புவழி கிணற்றை அடையும். 1980கள் முதல் நடந்த ஆய்வுகள், வலிகாமத்தின் தோட்டப் பகுதிகளிற் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு மீறியிருப்பதைக் காட்டியுள்ளன. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இதற்கு மிஞ்சிய நீரிற் பால்மாக் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனை ஏந்தும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கும் நோய் வரக்கூடும். தோட்டக் கிணறும் வீட்டுக் கிணறும் ஒரே பாறையின் நீரையே பருகுகின்றன என்பதை மறத்தலாகாது.

இனிச் சந்தையை நோக்குவோம். விலை பாதியாகக் குறைந்தாலும் ஒரு குடும்பம் இரட்டிப்பாக வெங்காயம் உண்பதில்லை. ஆகவே வரத்து மிகுந்தால் விலை விரைந்து வீழும். உதாரணத்துக்காக, சந்தைக்கு 100 அந்தர் வரும்போது அந்தர் ஒன்றின் விலை 10 அலகு என்று கொள்க, வருவாய் 1000. வரத்து 120 ஆகி விலை 9 ஆனால் வருவாய் 1080. வரத்து 150 ஆகி விலை 6 ஆனால் வருவாய் 900. உழைப்பும் நீரும் எருவும் ஒன்றரை மடங்காக, பணமோ குறைந்து விட்டது!

இவ்விரு வளையிகளும் குடாநாட்டில் ஒன்றோடொன்று பிணைந்தவை. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. விலை உயர்ந்தது, யாழ்ப்பாணத்துக் கமக்காரர் வளம் பெற்றனர். உயர்ந்த விலை மேலும் நிலத்தைத் தோட்டமாக்கியது; மேலும் நீரை இறைக்கச் செய்தது. 1977இன் பின் இறக்குமதி தளர்த்தப்பட்டபோது விலையேற்றம் நீங்கிற்று. விலை மாதந்தோறும் மாறும். பாறைக்குள் ஏறிய உப்போ அவ்வளவு விரைவில் இறங்குவதில்லை. நல்ல மழைகள் பெய்து, நன்னீர் ஊறி, அதனைக் கீழே தள்ள வேண்டும். ஏறிய வழியே எளிதில் இறங்கி விடலாம் என்பது எல்லாத் தொடர்புக்கும் பொருந்தாது.

ஏறுமுகத்தில் நிற்பவனுக்குத் திரும்பற்புள்ளி கண்ணுக்குப் புலப்படாது என்பதே இங்கு பெரிய இடர். சென்ற ஆண்டு இரண்டு மணி நேரம் கூடுதலாக இறைத்து நன்மை கண்டவர், இவ்வாண்டும் அவ்வாறே கருதுவது இயல்பு. அவரது அனுபவம் உண்மையானது. ஆயினும் அது வளையியின் ஒரு பக்கத்தை மட்டும் அறிந்த அனுபவம். பயிர் வாடியபின் எல்லையை உணர்வது காலங் கடந்த அறிவு. பயிர் வாடுமுன்பே நீரின் உப்பு சிறிது சிறிதாக ஏறும். நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவி அதனை நொடியிற் காட்டிவிடும். கோடையில் மாதம் ஒருமுறை அளந்து குறித்து வைத்தால், இறைப்பை எப்போது குறைக்க வேண்டும் என்பது கிணற்றின் கணக்கிலிருந்தே தெரியவரும். மண்ணைச் சோதித்து எருவிடுதலும், மாரியில் ஊர்க்குளங்களைத் தூர் வாரிய நிலையில் வைத்து மழைநீரை நிலத்துக்குள் இறங்கச் செய்தலும் இதனோடு சேர்ந்த கடமைகள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று முன்னோர் கூறினர். அளவு ஒன்று உண்டென்பதை அப்பழமொழி அறிவிக்கின்றது. அவ்வளவு எவ்வளவு என்பதை ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு வயலுக்கும் அளந்தே அறிதல் வேண்டும். குடிக்கவும் குளிக்கவும் பயிரிடவும் பெரும்பாலும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் ஒரு நாட்டிலே, அவ்வளவை அறிந்து நடப்பது அடுத்த தலைமுறைக்கு நன்னீரை விட்டுச் செல்வதாகும்.