மனைவியின் கூலி யாருடையது?



அடித்தால்தான் கொடுமை என்று பலர் எண்ணுகின்றார்கள். மனைவி உழைத்த கூலியைப் பிடுங்கிக்கொண்டு, தலைவலி மாத்திரைக்கும் அவளைக் கையேந்தச் செய்வது கொடுமையல்லவா என்று கேட்கின்றோம். பாங்கிக் கார்டும் இரகசிய எண்ணும் புருஷன் பையில். குழுக் கடன் மாத்திரம் மனைவி பேரில்! நகையை அடகு வைத்தவன் அவன். வட்டி கட்டுகிறவள் அவள்! இதற்குப் பெயர் குடும்ப ஒற்றுமையாம்! மனைவிக்கும் அடிமைக்கும் சொந்தச் சொத்தில்லை என்று ஒரே வரிசையில் வைத்தது மனுஸ்மிருதியின் 8-வது அத்தியாயம். மனுவை மேடையில் கண்டிக்கிற நாம் வீட்டுக்குள் மனுவாயிருப்பது என்ன நியாயம்?

சீதனம் மனைவிக்கே சொந்தமென்று 1985-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டமோ, செலவுக்குக் கொடாமல் தவிக்கவிடுவதும், சீதனத்தை விற்றழிப்பதும் வன்முறையே என்கின்றது.

ஆகவே தாய்மார்களே! உங்கள் பேரில் தனிக் கணக்கு வையுங்கள். இரகசிய எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள். விவரம் தெரியாத காகிதத்தில் கையெழுத்தோ ரேகையோ வைக்காதீர்கள். நகைக்கு ரசீதும் பட்டியலும் பத்திரமாயிருக்கட்டும். தொல்லை நிற்காவிட்டால் 181-க்குப் பேசுங்கள். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுங்கள். ஜீவனத்துக்குப் பணம் கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம்.

ஆண் தோழர்களே! இன்றிரவே அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுங்கள். எங்களுக்குக் கைதட்டுவது அப்புறமாகட்டும்.