சக்கரத்தின் மேல் ஒரு வீடு; அதற்கும் ஒரு கூரை

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேசப் புலவர் பலர் இங்கே உளர். ரயில்வே அலுவலகத்தில் ஏடு எழுதும் நமக்குத் தெரிந்தது வண்டியும் அதைச் சார்ந்ததுமே. ஆதலின் வண்டிக் கூரையைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம்.

இந்தக் காலனியில் சில குடும்பங்களுக்கு வீடுகள் இரண்டு. ஒன்று குவார்ட்டர்ஸ். மற்றொன்று, பாதைப் பணிக்குச் செல்லும் நம்மவர் உண்டு உறங்கும் முகாம் பெட்டி. பயணிகளைச் சுமந்து வயதான பெட்டிகளையே பெரும்பாலும் இதற்கென மாற்றி அமைக்கிறார்கள்.

மரப்பெட்டிகளின் காலத்தில் பலகைக் கூரைமேல் கித்தானை விரித்து, வர்ணம் பூசி மழையைத் தடுத்தனர். 1955-இல் பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியபின் முழு எஃகுப் பெட்டிகள் பெருகின. கித்தான் போயிற்று, ஒழுக்கு போகவில்லை. ஏன்?

பாலக்காட்டு வெயிலை நாம் அறிவோம். 21 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தகட்டில் 40 டிகிரி சூடு ஏறினால், அது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். புதுப்பூச்சு அதற்கு வளைந்து கொடுக்கும்; பழம்பூச்சு இணைப்புகளில் வெடிக்கும். காற்றுப்போக்கிகளைச் சுற்றிய மயிரிழை வெடிப்பில் இடவப்பாதி மழை நுழையும். நீர் உட்புறமாக ஓடி வேறோரிடத்தில் சொட்டும். சொட்டும் இடத்தின் நேர்மேலே ஓட்டையைத் தேடுவது வீண்.

தகடு உறுதியாக இருந்தால் மறுபூச்சுப் போதும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, கழுவி, நன்கு உலர்த்தி, துருத்தடுப்பு வர்ணம் பூசி, இணைப்புகளை அடைத்து, அதன்பின்பே மேற்பூச்சு இடவேண்டும். வெண்ணிறமாயின் உள்ளே வெப்பமும் குறையும். தட்டினால் உதிரும் தகட்டுக்கோ பூச்சு மருந்தன்று, வெறும் முக்காடு. அதனை வெட்டி நீக்கிப் புதுத்தகடு பற்றவைப்பதே முறை.

ஓர் எச்சரிக்கை: மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. தொடாமலே உயிரைப் பறிக்கும். கம்பியில்லாத கொட்டகையிலன்றி, அல்லது மின்சாரம் நிறுத்தப்பட்டதென உரியவர் உறுதி கூறினாலன்றி, எவரும் கூரையேறலாகாது. பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

மூணாற்றின் சிறு ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தபின் இடுக்கிக்கு ரயில் இல்லை. ஆயினும் அங்கும் சக்கர வீடுகள் வந்துவிட்டன. வாகமண்ணில் 2022-இல் உல்லாச வண்டிகளுக்கென்று கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. அவ்வண்டிகளின் கூரைக்கும் நீதி இதுவே. ஆனால் ரப்பர் விரிப்புக் கூரையாயின் தார் பூசலாகாது. தாரிலுள்ள எண்ணெய் ரப்பரை உப்பச் செய்து கெடுக்கும். கூரை எப்பொருள் என்று அறிந்தே பூச்சைத் தேர்க.

உல்லாசத்திற்குச் சென்றவர் கூரை ஒழுகினால் விடுதிக்குப் போவார். இரவெல்லாம் பாதையில் உழைத்து வந்தவர் எங்கே போவார்? ஈரப்படுக்கையில் உறங்காத கண்கள் மறுநாள் தண்டவாளத்தை எப்படிக் காக்கும்? ஆகவே, கூரையில் கறை கண்டவர் மார்ச்சிலேயே எழுத்தில் தெரிவியுங்கள். ஏடு எழுதும் நாம் அதை ஜூன் வரை மேசையில் உறங்க விடாதிருப்போம். மழை நம் கோப்புக்காகக் காத்திருப்பதில்லை.