சிவப்பு விளக்கு என்ன சொல்கிறது?



புனேயிலிருந்து மும்பைக்குப் போகும் வழியில் லோனாவாலா இருக்கிறது. அதைத் தாண்டினால் கண்டாலா மலை இறக்கம். அங்கே ஒரு பழைய மாருதி 800 கார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காரில் ஒரு குடும்பம் இருக்கிறது. ஓட்டுநருக்கு முன்னால் சிவப்பு விளக்கு ஒன்று எரிகிறது. "விளக்குதானே, எரியட்டும்" என்று அவர் மலை இறங்கலாமா?

கூடாது. அது பிரேக் விளக்கு. முதலில் காரைச் சமமான இடத்தில் ஓரமாக நிறுத்த வேண்டும். பிறகு காரணம் தேட வேண்டும்.

மாருதி 800 கார் 1983இல் வெளிவந்தது. 2014இல் அதன் உற்பத்தி நின்றது. ஆனாலும் அந்தக் கார்கள் இன்னும் ஓடுகின்றன. இப்படிப்பட்ட பழைய கார்கள் பலவற்றில் இந்த விளக்கு இரண்டு காரணங்களுக்காக எரியும். ஒன்று, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும். மற்றொன்று, பிரேக் ஆயில் குறைந்திருக்கும்.

முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். அதை முழுவதும் இறக்கிவிடுங்கள். விளக்கு அணைந்ததா? நல்லது. கொஞ்சம் தூக்கியபடியே ஓட்டினால் பின் சக்கர டிரம் சூடாகும். லைனர் தேயும்.

விளக்கு அணையவில்லையா? பானெட்டைத் திறங்கள். பிரேக் ஆயில் டப்பா வெள்ளையாக, உள்ளே தெரியும்படி இருக்கும். அதன் மேல் இரண்டு கோடுகள் உண்டு. மேல் கோடு மேக்ஸ். கீழ்க் கோடு மின். ஆயில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் குறைந்தால் மிதவை இறங்கும். விளக்கு எரியும்.

ஆயில் ஏன் குறைகிறது? அது பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. முன் சக்கரத்தில் பிரேக் பேடு தேய்ந்தால், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். அது மெதுவாக, மாதக்கணக்கில் நடக்கும். திடீரென்று குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். நான்கு சக்கரங்களின் உட்பக்கத்தையும் பாருங்கள். ஈரம் இருக்கிறதா? பின் சக்கரத்தில் வீல் சிலிண்டர் ஒழுகுவது அடிக்கடி நடப்பதுதான்.

அடுத்து, என்ஜினை ஓடவிட்டு பெடலை மிதித்து அரை நிமிடம் வைத்திருங்கள். கால் கல்லில் வைத்ததுபோல நிற்க வேண்டும். மெல்ல மெல்லக் கீழே போனால் ஆபத்து. காரை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை அங்கே வரச் சொல்லுங்கள்.

ஆயில் சரியாக இருக்கிறது, பெடலும் உறுதியாக நிற்கிறது, ஆனால் விளக்கு எரிகிறதா? மிதவையின் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அணைந்தால் கோளாறு மிதவையில் இருக்கலாம். அணையாவிட்டால் ஹேண்ட் பிரேக் சுவிட்சையோ ஒயரையோ பார்க்க வேண்டும். பார்த்ததும் ஒயரை மறக்காமல் மாட்டுங்கள். விளக்கை அணைப்பதற்காக ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவோரும் உண்டு. அது காவல் நாயின் வாயைக் கட்டுவது போன்றது.

ஆயில் ஊற்றுவதற்கு முன் மூடியைத் துடையுங்கள். மூடியில் டாட் 3 என்று இருந்தால் அதே ஆயிலை வாங்குங்கள். என்ஜின் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். உள்ளே உள்ள ரப்பர் உப்பிப் பாழாகும்; பிரேக் பிடிக்காது. பிரேக் ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி அளவிலேயே கொதிக்கலாம். மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகும். பெடல் தரை வரை போய்விடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கடைசியாக ஒன்று. தினமும் சாவியைத் திருப்பும்போது ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். அப்போது விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம். ஆயில் தீர்ந்தாலும் அது சொல்லாது.

இரண்டு கோடு, ஓர் எண். இவற்றைப் படிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் காரில் இருக்கும் எல்லோரையும் வீடு கொண்டு சேர்க்கும்.