வராதவர் எங்கே?

மருத்துவமனை வாயிலிலே வரிசை நீண்டு நிற்கிறது. கட்டணம் இல்லை, மாத்திரை இலவசம், எவர் வந்தாலும் தடையில்லை. “கதவுதான் திறந்திருக்கிறதே, இனி என்ன குறை?” என்று கேட்கிறார்கள் சிலர். அவர்களை நாம் திருப்பிக் கேட்போம்: வந்தவரை எண்ணினீர்கள், வராதவரை எண்ணினீர்களா?

பிரிட்டனிலே 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் தேசிய சுகாதாரப் பணி பிறந்தது. அதைப் படைத்த அமைச்சர் அனூரின் பெவன், இளமையிலேயே சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். காசில்லாதவனுக்கும் மருத்துவம் உண்டு என்றது சட்டம். மகத்தான சாதனை! ஆனால் கட்டணம் ஒழிந்ததும் ஏற்றத்தாழ்வும் ஒழிந்ததா? ஒழியவில்லை.

வேல்ஸ் நாட்டின் பள்ளத்தாக்கிலே கிளின்கோரக் என்றொரு சிற்றூர். நிலக்கரித் தொழிலாளர் வாழ்ந்த ஊர். அங்கே மருத்துவராயிருந்த ஜூலியன் டூடர் ஹார்ட், 1971-இல் ‘லான்செட்’ ஏட்டிலே ஓர் உண்மையை எடுத்துரைத்தார். நல்ல மருத்துவம் எங்கே மிகுதியாகத் தேவையோ, அங்கே குறைவாகக் கிடைக்கிறது. எங்கே தேவை குறைவோ, அங்கே தாராளமாகக் கிடைக்கிறது. மேட்டுக்குப் பாய்கிறது நீர், பள்ளம் காய்கிறது! மருத்துவத்திலே சந்தையின் கை ஓங்க ஓங்க, இந்த அநீதியும் ஓங்கும் என்றார் அவர்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. காய்ச்சலென்று வந்தாலும், காயமென்று வந்தாலும், வந்தவருக்கெல்லாம் இரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார். எவர் பெயருக்கு எதிரே அளவு இல்லையோ, அவரைத் தேடினார். ஏன்? இரத்த அழுத்தம் வலிக்காத நோய். வலிக்காத நோய்க்காக எந்த உழைப்பாளி வேலையை விட்டு வருவான்? 1991-இல் 25 ஆண்டுக் கணக்கு வெளிவந்தது. 65 வயதுக்குள் மாண்டோர் விகிதம், பக்கத்து ஊரைவிட அவ்வூரிலே குறைந்திருந்தது. அதிசய மருந்து எதுவுமில்லை, தோழர்களே! ஒரு கருவி, ஒரு பதிவேடு, விடாத உழைப்பு!

தமிழகத்துக்கும் இவ்வழி புதிதன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரைகள் வீடு தேடிச் சென்றன. மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழக்கிறாளே ஒருத்தி, அவளுக்கு இலவச மாத்திரையும் விலை கொடுத்து வாங்கியதுதான் அன்றோ!

ஆயினும், பட்டியலிலே பெயரே இல்லாதவரைத் தேடி எவர் செல்வார்? செங்கற்சூளைக்குப் பிழைக்க வந்த குடும்பம், பேருந்து எட்டாத மலைக் குடிசை, துணையின்றித் தனித்து வாழும் மூதாட்டி: இவர்கள் எந்தக் கணக்கில் இருக்கிறார்கள்? ‘நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பயன் பெற்றனர்’ என்று அறிக்கை வந்தால் கைதட்டுகிறோம். எஞ்சிய பத்துப் பேர் எந்தத் தெருவினர் என்று கேட்கிறோமா? அந்தப் பத்துப் பேரும் ஒரே தெருவில் இருந்தால், அதன் பெயர் குறைபாடு அன்று, புறக்கணிப்பு!

தோழர்களே, உங்களுக்குக் கடமை இருக்கிறது. உங்கள் ஊர்ச் சுகாதாரச் செவிலியரைக் காணுங்கள். குற்றம் சாட்ட அன்று, கைகொடுக்கச் செல்லுங்கள். ஊரின் கடைக்கோடியிலே தொடங்கி வீடுவீடாகக் கேளுங்கள்: கருவுற்ற தாய் பதிவு செய்தாளா? பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா? முதியவருக்கு மாத்திரை வருகிறதா? விடுபட்ட பெயர்களை எழுதிச் செவிலியரிடம் கொடுங்கள். அடுத்த மாதம் மீண்டும் சென்று, எத்தனை பெயர் சேர்ந்தன என்று பாருங்கள். சேராத பெயர் ஒன்றே ஒன்று இருப்பினும், பணி முடியவில்லை என்று கொள்ளுங்கள்!