உயிரணுவின் மேல் ஒரு பிரேக்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



குழந்தைகளின் நடனத்திற்கும் நாடகத்திற்கும் இடையே விஞ்ஞானம் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு செயலாளர் பணித்துள்ளார். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் படித்தறிந்த அளவிலேயே பேசுகிறோம்.

நம் உடலைக் காக்கும் வெள்ளணுக்களுள் டி அணு என்பது ஒரு வகை. அதன் மேற்பரப்பில் அமைந்த புரதங்களுள் ஒன்றன் பெயர் பிடி-1. மனிதரிடத்து இது 288 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. 1992இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோன்ஜோவும் அவர்தம் குழுவினரும் இதன் மரபணுவைக் கண்டனர். அணுக்கள் மடிவதன் காரணத்தைத் தேடியபோது அகப்பட்டது இது. எனினும் இதன் தொழில் வேறென்பது பின்னரே விளங்கிற்று. 1999இல், இம்மரபணு நீக்கப்பட்ட எலிகளில் நோயெதிர்ப்பு ஆற்றல் சொந்த உடலையே தாக்கக் கண்டனர். ஆகவே பிடி-1 ஒரு பிரேக். வண்டி ஓட இன்ஜின் எத்துணை இன்றியமையாததோ, நிற்கப் பிரேக்கும் அத்துணை இன்றியமையாதது என்பதை நமக்கு யாரும் சொல்ல வேண்டுவதில்லை.

புற்றுநோய் அணுக்கள் சில இந்தப் பிரேக்கை அழுத்தித் தப்பிவிடுகின்றன. அதனைத் தடுக்கும் எதிர்ப்பொருளே மருந்தாயிற்று. 2014இல் ஜப்பான் அம்மருந்தை அனுமதித்தது. 2018இல் ஹோன்ஜோவும், இத்தகைய மற்றொரு பிரேக்கை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் ஆலிசனும் நோபல் பரிசு பெற்றனர்.

இத்தகைய மருந்தைச் சோதிக்கப் பிடி-1 புரதம் வேண்டும். அணுக்களின் மேலிருந்து பிரித்தெடுப்பின் மிகச் சிறிதளவே கிட்டும். ஆகையால் புரதத்தின் வெளிப்பகுதிக்குரிய மரபணுவை, சோதனைச்சாலையில் வளரும் மனித அணுக்களிலோ சீன வெள்ளெலியின் அணுக்களிலோ புகுத்துகின்றனர். அவ்வணுக்கள் புரதத்தைச் செய்து ஊட்டநீரில் விடுகின்றன. புரதத்தின் நுனியில் ஹிஸ்டிடின் என்னும் அமிலத்தை வரிசையாகக் கோத்து வைப்பர், நிக்கல் ஏற்றிய குழாயில் ஊற்றினால் அது அங்கே பற்றிக்கொள்ளும், ஏனையவை கழிந்துவிடும். இதுவே மறுசேர்க்கைப் புரதம். இதனைத் தட்டில் பூசி, எந்த எதிர்ப்பொருள் எவ்வளவு இறுகப் பற்றுகிறதென அளப்பர்.

இப்புரதக் குப்பிகளின் மேல் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று ஒட்டியிருக்கும். லேபிளைப் படியாமல் பார்சலை ஏற்காதவர் நாம். குப்பியில் உள்ளது ஆய்வுப் பொருள், மருந்தன்று. மருந்தோ எனில், எல்லார்க்கும் பயன்படுவதன்று. பிரேக் தளர்ந்தால் குடல், நுரையீரல், தைராய்டு முதலியவற்றை நம் அணுக்களே தாக்குவதும் உண்டு. செலவும் பெரிது.

புற்றுநோய் புகாத காலனி இன்று எது? செய்தித்தாளில் அதிசய மருந்தென்று கண்டதும் நகையை விற்கவும், சேமநிதியில் கடன் வாங்கவும் ஓடுகிறோம். அதற்கு முன் டாக்டரிடம் நான்கு கேள்விகள் கேட்போம். இந்நோய்க்கு இது ஏற்றதா? சோதனை என்ன கூறுகிறது? எத்துணைப் பயன் எதிர்பார்க்கலாம்? முழுச் செலவு யாது? கேட்பது அவமரியாதையன்று, நோயாளிக்கு நாம் செய்யும் கடமை.

கேட்கத் துணிவில்லாத குடும்பத்திற்குத் துணையாகச் சங்கத்திலிருந்து ஒருவர் உடன் செல்வாராயின், அதுவும் தமிழ்த் தொண்டே ஆகும்.